வலையின் நூல்



கொட்டியாரக் குடாவின் கரையில் ஒதுங்கிக் கிடந்த வலைத் துண்டொன்றை மாணவன் ஒருவன் வகுப்புக்குக் கொண்டுவந்தான். "இது எந்தச் செடியின் நார், ஐயா?" என்று கேட்டான். நான் விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லன். ஆயினும் எளியதொரு சோதனை அறிவேன். பருத்தி நூலையும் அவ்வலையின் இழையையும் தீயிற் காட்டினேன். பருத்தி கடதாசிபோல் எரிந்து சாம்பலாயிற்று. மற்றையதோ உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுமணியாக நின்றது. அது நைலோன்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபோன் நிறுவனத்தில் கரோதர்ஸ் தலைமையில் ஆக்கப்பட்ட இழை அது. நிலக்கரி, பெற்றோலியம் ஆகியவற்றினின்று பெறும் இரசாயனப் பொருள்களே அதன் மூலம்.

நம் முன்னோரின் வலைகள் பருத்தியாலும் சணலாலும் ஆனவை. கடல்நீரில் விரைவில் இற்றுப்போகும் என்பதால், அவற்றை மரப்பட்டைச் சாயத்தில் தோய்ப்பர். கடலினின்று மீண்டதும் வெயிலில் உலர்த்துவர். கரைவலைக் கயிறு மட்டும் தென்னந் தும்பு. தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறவிட்டு அடித்தெடுத்த அந்நார் உப்புநீரை நன்கு தாங்கும். நைலோன் வந்தபின் சாயம் தோய்க்கும் உழைப்பு ஒழிந்தது. மீனவருக்கு அது பெரும்பேறு. அதனை மறுத்தல் முறையன்று.

ஆனால், தொலைந்த பருத்தி வலை கடலில் மக்கிவிடும். நைலோன் எளிதில் மக்காது. நீரினும் கனமாதலால் அடியில் அமிழ்ந்து, பவளப்பாறையிற் சிக்கி, இழுப்பாரின்றியே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். தனியிழை நைலோன் வலையை இலங்கை அரசு 2006இல் தடைசெய்தது.

அம்மாணவன் கொண்டுவந்த துண்டில் நண்டொன்று சிக்கியிருந்தது. அண்மையிற் சிக்கிய நண்டு. வலை எத்தனை ஆண்டுப் பழையதென்று கரையிலுள்ள முதியவர்களாலும் சொல்ல இயலவில்லை.