செவி கேளாத பிள்ளையும் விளையாட்டுத் தோழரும்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



செவி கேளாத பிள்ளைக்குக் கருவியும் கல்வியும் வேண்டும் என்பர். உண்மையே. ஆயின் மூன்றாவதாக ஒன்றும் வேண்டும், அது தோழமை. கருவியை வைத்தியரும் கல்வியை ஆசிரியரும் தரலாம். தோழமையைத் தரவல்லோர் அயல்வீட்டுப் பிள்ளைகளே.

நம் தென்மராட்சியின் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருப்பதை யாவரும் அறிவோம். மேரி சப்மன் அம்மையார் 1912 இல் தெற்கே தொடங்கிய பாடசாலையின் தமிழ்க் கிளையாக அது 1956 இல் தோன்றியது. இத்தகைய பாடசாலையில் கையாலும் முகத்தாலும் கதைத்துச் சிரிக்கும் பிள்ளை, விடுமுறையில் ஊருக்கு வந்ததும் வேலியோரம் தனித்து நிற்கக் காண்கிறோம். செவி மாறவில்லை, சூழலே மாறியது.

1880 இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், வாய்ப்பேச்சே போதும், சைகை வேண்டாம் எனத் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தை 2010 இல் வன்கூவர் மாநாடு தள்ளிவிட்டது. இதற்கிடையில், 1970களின் பிற்பகுதியில், நிக்கரகுவா நாட்டிலே ஒரே பாடசாலையில் ஒன்றுகூடிய பிள்ளைகள் எவரும் கற்பியாமலே தமக்கென ஒரு கைமொழியை ஆக்கிக்கொண்டனர். கூடி விளையாடியதிலே மொழி பிறந்தது!

ஏனைய பிள்ளைகள் விளையாட்டின் விதிகளையும், சண்டையும் சமாதானமும் செய்யும் வகையையும் அருகில் நின்று காதாற் கேட்டே பழகிவிடுகின்றனர். செவி கேளாத பிள்ளைக்கு அவ்வழி இல்லை. தன் முறை வருமுன் அது ஓடினால் அடங்காப்பிள்ளை என்கிறோம். விதியை அதற்கு யார் சொன்னார்?

ஆகவே, விளையாடுமுன் ஒருமுறை ஆடிக் காட்டுங்கள். தோளைத் தொட்டு அழைத்து, வெளிச்சத்தில் முகம் பார்த்து, ஒருவர்பின் ஒருவராகப் பேசுங்கள். செவியில் கருவி இருந்தாலும் பல குரல் சேர்ந்தால் சொல் விளங்காது. ஒளித்து விளையாடும்போது கூவுவதோடு கையையும் அசையுங்கள். ஒருவன் ஏன் கோபித்தான், ஏன் சிரித்தான் என்பதையும் சைகையால் விளக்குங்கள். "பிறகு சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை.

வாலிப நண்பர்களே! நாம் பத்துச் சைகைகளைக் கற்றால் நம் தம்பி தங்கையர் நூறு கற்பர். வேலியோரம் நிற்கும் பிள்ளையை ஆட்டத்துக்கு அழைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.