ஆயா வராத நாள்

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாய்மார்கள் காலையிலேயே பிள்ளையை அங்கன்வாடியில் விட்டாக வேண்டும். கரிசல் காட்டில் களையெடுப்போ பருத்தி எடுப்போ நடந்தாலும் அப்படித்தான்.

அங்கே இருப்பது ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். ஊரார் வாயில் டீச்சர், ஆயா. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் ஒரு மையத்துக்கு இதுதான் கணக்கு.

ஆயா வராத நாளில் டீச்சரே சோறு பொங்க வேண்டும், முட்டை அவிக்க வேண்டும், பிள்ளைகளைக் கழுவிவிட வேண்டும், எடை பார்த்துச் செல்போன் செயலியில் பதியவும் வேண்டும். ஒரு பக்கம் உலை கொதிக்கும். மறுபக்கம் மூன்று வயதுப் பிள்ளை வாசலைத் தாண்டும். பாட்டுக்கும் கதைக்கும் நேரம் ஏது?

ஆயாவைக் குறை சொல்வது சுலபம். 2018 அக்டோபரில் உயர்த்திய பிறகும் உதவியாளருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 2,250 ரூபாய்தான். தமிழக அரசு அதற்கு மேல் தருகிறது, உண்மை. ஆனால் இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. காய்ச்சலோ வீட்டுக் காரியமோ அவர்களுக்கும் வரும். அந்த நாளுக்கு மாற்று ஆள்தான் இல்லை.

ஐந்தாறு மையங்களுக்குப் பொதுவாக ஒரு மாற்று உதவியாளரை ஊதியத்தோடு அமர்த்தலாம். உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது, பெற்றோர்களே, இதை ஒரு தீர்மானமாகக் கேளுங்கள்.