பாட்டு நல்லா இருக்கு… எழுதினவர் பேரு என்ன?

(கலை இலக்கிய அணியின் மாலை நேரச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

மேடை ஏறினால் அரசியல்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்னைக்குத் தம்பிகள் வேற வேலை வச்சிருக்காங்க. "அண்ணே, உங்களுக்குப் பிடிச்ச பாட்டு, பிடிச்ச படம் பத்திப் பேசுங்க, அரசியல் வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. சரிப்பா, முயற்சி பண்றேன். கடைசி வரைக்கும் தாங்குவேனான்னு தெரியல!

வரும்போது வாசலில் எல்லார்கிட்டயும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, 'உங்களுக்குப் பிடித்த பாட்டு யாருடையது?'ன்னு எழுதச் சொன்னேன் இல்லையா? அந்தச் சீட்டுகளைப் பிரிச்சுப் பார்த்தேன். எம்ஜிஆர் பாட்டு, சிவாஜி பாட்டு, ராஜா பாட்டு, ரகுமான் பாட்டு, எஸ்பிபி பாட்டு, ஜானகியம்மா பாட்டு, அனிருத் பாட்டு. ஒரு தம்பி 'விஜய் பாட்டு'ன்னு எழுதி மூணு கோடு போட்டிருக்கான். நடிச்சவர் பேர் இருக்கு, இசையமைச்சவர் பேர் இருக்கு, பாடினவர் பேர் இருக்கு. எழுதினவர் பேர்? மொத்தச் சீட்டிலும் ஒரே ஒரு தங்கைதான் 'தாமரை'ன்னு எழுதியிருக்கு. யாரும்மா அது, கையத் தூக்கு. வாழ்த்துகள்!

உங்களைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல. நம்ம எல்லாருக்கும் அப்படித்தான் பழகிப்போச்சு. அதனால என் ரசனையைச் சொல்லும்போது, அந்தப் பாட்டை எழுதினவங்க பக்கம் நின்னே சொல்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. 'அன்னக்கிளி' படம், 1976. யார் இசை? பார்த்தீங்களா, அரங்கமே சொல்லுது, இளையராஜா! அவருடைய முதல் படம். தமிழ்த் திரையிசையைத் திருப்பிப்போட்ட படம். சரி, அந்தப் பாட்டெல்லாம் யார் எழுதினது? ஏன் அமைதியாயிட்டீங்க? பஞ்சு அருணாசலம். கண்ணதாசனோட அண்ணன் மகன், அவர்கிட்ட உதவியாளரா இருந்து தொழில் கத்துக்கிட்டவர். இளையராஜாவைத் திரைக்குக் கூட்டிட்டு வந்தவரும் அவர்தான். கிராமத்துப் பொண்ணு மனசுல நினைக்கிறதை, அவ நாக்குல வர்ற சொல்லாவே எழுதினார். மெட்டு ஊர் மண்ணுல இருந்து வந்தது, சொல்லும் அதே மண்ணுல இருந்து வந்தது. அதனாலதான் அந்தக் கூட்டு அப்படி ஒட்டுச்சு. பாதிப் பேரை நெஞ்சில வச்சுக்கிட்டு, மீதிப் பேரை மறந்துட்டோம்.

எனக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு கேட்டா, யோசிக்காம முதல்ல சொல்றது 1957-ல வந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்துல சிவாஜி ஐயா பாடிக்கிட்டு வர்ற அந்த உழவுப் பாட்டு. கே.வி.மகாதேவன் இசை, டி.எம்.சௌந்தரராஜன் குரல். அது பாட்டே கிடையாதுய்யா, வேளாண்மைப் பாடப்புத்தகம்! மணப்பாறையில மாடு, மாயவரத்துல ஏர், ஆத்தூர்ல விதைநெல்லுன்னு எதை எங்க வாங்கணும்னு சொல்லிக்கொடுக்குது. நாத்து நடணும், தண்ணி இறைக்கணும், அறுக்கணும், களத்துல சேர்த்து அளக்கணும். அதோட விடல. வண்டியில ஏத்திப் பொள்ளாச்சிச் சந்தைக்குக் கொண்டுபோய், விருதுநகர் வியாபாரிக்கு விக்கணும். அந்தக் காசை எங்க கொடுக்கணும்? நேரா வீட்டுக்கு வந்து அம்மா கையில. சிக்கனமா செலவு பண்றது அவளுக்குத்தான் தெரியும்!

மூணு நாலு நிமிசத்துல உற்பத்தி, சந்தை, குடும்பப் பொருளாதாரம் மூணையும் சொல்லி முடிச்சவர் யாரு? பல மேடையில, 'பட்டுக்கோட்டையார் அருமையா எழுதினாரே'ன்னு அந்தப் பாட்டைச் சொல்லிக் கேட்டிருக்கேன். எழுதினவர் அ.மருதகாசி. மேலக்குடிக்காடு கிராமத்துக்காரர். உழவு தெரிஞ்ச ஊரில் பிறந்த மனுசன் எழுதினதாலதான் அதுல ஒரு வேலைகூட வரிசை மாறல. பேரு மாறினா என்னன்னு கேப்பீங்க. உங்க வயல்ல நீங்க விளைய வச்ச நெல்லை, பக்கத்து வயல்காரர் விளைச்சல்னு ஊரே சொன்னா சும்மா இருப்பீங்களா?

இப்ப பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கு வர்றேன். செங்கப்படுத்தான்காடு, 1930-ல பிறப்பு. 1959 அக்டோபர்ல மறைவு. இருபத்தொன்பதே வயசு உறவுகளே! நம்ம அணியில பாதிப் பேருக்கு அதைவிட வயசு அதிகம். பாவேந்தர் பாரதிதாசன்கிட்ட பாடம் படிச்சவர், உழவர் இயக்கத்துல நின்னவர். திரையில அவர் எழுதினது சில ஆண்டுகள்தான். 'திருடாதே', 'அரசிளங்குமரி' படங்கள் வந்தது 1961-ல. அந்தப் படங்கள்ல பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ற அவரோட ரெண்டு பாட்டும் ஊரெல்லாம் ஒலிச்சப்ப, கேட்கிறதுக்கு அவர் இல்லை.

'நாடோடி மன்னன்', 1958. தூங்குற தம்பியைத் தட்டி எழுப்புற பாட்டை எல்லாரும் சொல்வீங்க. அதே படத்துல ஒரு ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுற இன்னொரு பாட்டு இருக்கு. உழைச்சு விளைய வச்சவனுக்கு ஏன் ஒன்னும் மிஞ்சலைன்னு ஒருத்தர் கேட்க, இன்னொருத்தர் பதில் சொல்வாங்க. என் மனசுக்கு அதுதான் பெரிய பாட்டு. கேள்வி வலிக்கிற இடத்துல இருந்து வருது, பதில் நம்பிக்கையில இருந்து வருது. கூட்டம் போட்டு ஒரு மணி நேரம் நான் பேசுறதை, அந்த மனுசன் காதலர் பாட்டுக்குள்ள வச்சுட்டுப் போயிட்டார்.

இன்னொன்னு, 'இரும்புத் திரை', 1960. ஆலைத் தொழிலாளி படம். வாங்கின சம்பளம் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள எங்க போச்சுன்னு ஒருத்தன் கணக்குப் பார்க்கிற பாட்டு. திருச்சி லோகநாதன் பாடியிருப்பார். சிரிச்சுக்கிட்டே கேட்கலாம், கேட்டு முடிச்சதும் சிரிப்பு வராது. மாசம் அஞ்சாம் தேதி வங்கியில இருந்து குறுஞ்செய்தியா வந்து கொட்டும்போது, இன்னைக்கும் அந்தப் பாட்டுதான் எனக்கு ஞாபகம் வருது. தவணை பிடிச்சாச்சு, வட்டி பிடிச்சாச்சு, மீதி இவ்வளவு! அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு, பாட்டுக்கு வயசாகல.

இதையெல்லாம் நாம 'எம்ஜிஆர் பாட்டு', 'சிவாஜி பாட்டு'ன்னு சொல்றோம். திரையில வாயசைச்சவர் பேர்ல பாட்டு பதிவாயிருச்சு. அந்தப் பாட்டுகள் கட்சி வளர்த்துச்சு, தலைவர்களை வளர்த்துச்சு. எழுதின கை எதுன்னு ஊருக்கு மறந்துபோச்சு. பார்த்தீங்களா, அரசியல் வந்துருச்சு! மன்னிச்சிருங்க.

முன்னாடி இப்படி இல்லை. நான் வேதாரண்யம் பக்கம். எங்க கடற்கரை ஊர்கள்ல சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவா எடுக்கும். அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைங்க நாங்க. பாட்டு போடுறதுக்கு முன்னாடி படம் எது, பாடல் யார், இசை யார், குரல் யார்னு சொல்வாங்க. தேநீர்க்கடையில கிளாஸ் கழுவுற பையனுக்கும் அது காதுல விழும். எங்க ஊர்ல பள்ளிக்கூடம் போகாதவங்க எத்தனையோ பேர், ரெண்டு வரி கேட்டதும் 'இது கவிஞர் வாலிய்யா', 'இது கண்ணதாசன்'னு சொல்வாங்க. இன்னைக்கு அலைபேசியில பாட்டுச் செயலியைத் திறந்து பாருங்க. படத்தோட சுவரொட்டி இருக்கு, இசையமைப்பாளர் பேர் இருக்கு, பாடகர் பேர் இருக்கு. எழுதினவர் பேர் வேணும்னா ஓரத்துல மூணு புள்ளியைத் தொட்டு, உள்ள போய்த் தேடணும். சில பாட்டுக்குத் தேடினாலும் கிடைக்காது. பண்பலையில பாட்டு ஆரம்பிக்கும்போதே அறிவிப்பாளர் பேச ஆரம்பிச்சிடுறார், எழுதினவரை எப்ப சொல்றது?

நம்ம காலத்துலயே நடந்ததைச் சொல்றேன். 2021 மார்ச்சுல 'எஞ்சாய் எஞ்சாமி' வந்துச்சு. உலகமே ஆடுச்சு. தம்பி அறிவு எழுதின பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச அவரோட பாட்டி வள்ளியம்மாளோட கதையில இருந்து பிறந்த சொற்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்ல 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அட்டைப்படம் போட்டுச்சு. அதுல அறிவு இல்லை. எதிர்ப்புக் கிளம்பின பிறகுதான் அவருக்குன்னு தனி அட்டை வந்துச்சு. அந்தப் பாட்டைச் சுத்தி யாருக்கு எவ்வளவு பங்குன்னு அதுல வேலை செஞ்சவங்களுக்குள்ள பேச்சு நடந்தது, அதுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரல. நிலம் இழந்த பாட்டியைப் பத்தின பாட்டு. அதை எழுதின பேரனுக்கு அட்டையில இடமில்லை. எனக்கு அங்கதான் சுட்டுச்சு.

பணம் பத்தியும் ஒரு வார்த்தை. 1977-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்னு, படத்துக்காக எழுதிக் கொடுத்த பாட்டுக்கு உரிமையாளர் தயாரிப்பாளர்தான்கிற நிலையை உறுதி பண்ணிருச்சு. எழுதிக் கொடுத்தியா, காசு வாங்கினியா, கிளம்பு! 2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில நின்னு அதுக்காகப் பேசினார். திரையரங்குல படம் ஓடுறதைத் தவிர வேற எங்க பாட்டைப் பயன்படுத்தினாலும், வர்ற உரிமத்தொகையில எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் சம பங்கு உண்டு. அதைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. நல்ல சட்டம். ஆனா யார் எழுதினதுன்னே தெரியாத பாட்டுக்கு யாரைத் தேடிப் பங்கு கொடுப்பாங்க? பேர் இருந்தாத்தானே பங்கு வீடு வந்து சேரும்?

நம்ம பாட்டன் பாரதியைப் பாருங்க. அவர் பாட்டைப் பாடுறதுக்கும் படத்துல வைக்கிறதுக்குமான உரிமை ஏவி.எம். செட்டியார்கிட்ட இருந்துச்சு. 1947-ல 'நாம் இருவர்' படத்துல டி.கே.பட்டம்மாள் குரல்ல பாரதி பாட்டு வந்து நாடே கேட்டுச்சு. 1949-ல ஓமந்தூரார் ஆட்சியில பாரதி பாட்டு மக்கள் சொத்தாச்சு; செட்டியாரும் தன்கிட்ட இருந்த உரிமையைக் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். அன்னையில இருந்து யார் வேணா பாடலாம், காசு கட்ட வேண்டாம். ஆனா ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதைப் பாரதி பேர் சொல்லாம பாடாது! உரிமையை ஊருக்கே கொடுத்த பிறகும் அவருக்குப் பேர் நின்னுச்சு. உரிமையைச் சட்டமே கொடுத்த திரைக்கவிஞனுக்குப் பேர் நிக்கல.

'அண்ணே, மெட்டுதான் முதல்ல, சொல்லு சும்மா இட்டு நிரப்புறதுதானே'ன்னு ஒரு தம்பி கேக்கிறான். தத்தகாரத்தைக் கையில கொடுத்து, இந்த அளவுக்குள்ள ஒரு தாயோட அழுகையை வைன்னு சொன்னா வச்சுப் பாரு தம்பி. நா.முத்துக்குமார் 'தங்க மீன்கள்' படத்துல அப்பா மகள் பாசத்தை வச்சார், தேசிய விருது வாங்கினார். அடுத்த ஆண்டே 'சைவம்' படத்துக்கு மறுபடி வாங்கினார். 2016-ல நாற்பத்தொரு வயசுல போயிட்டார். அவர் பாட்டைக் கேட்டு அழுத அப்பன்மார் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரியும்?

பிடிக்காததையும் சொல்லணும். காதலிச்ச பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டா, மதுக்கடையில உக்காந்து மொத்தப் பெண்ணினத்தையும் திட்டுற பாட்டுகள் ஒரு பத்து வருசமா வரிசையா வந்துச்சு. எனக்கு அறவே பிடிக்காது. ஆங்கிலச் சொல் கலந்திருக்குன்னுகூட நான் பெருசா கோவப்பட மாட்டேன்; கிண்டலுக்குச் சில சமயம் அது பொருந்தும். 'உன்னை அவளுக்குப் பிடிக்கல'ங்கிறதைத் தாங்க முடியாதவனை வீரனாக் காட்டுறதுதான் எனக்குக் கோவம். அந்த மாதிரிப் பாட்டு எழுதினவர் பேரை ஒவ்வொரு தடவையும் சத்தமாச் சொல்லிப் பாருங்க, அடுத்த பாட்டு எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கும். கவிஞர் தாமரையைப் பாருங்க, 2001-ல 'மின்னலே' படத்துல ஒரு பொண்ணோட ஆசையை எழுதினாங்க. ஆசை முழுசா இருக்கு, ஆபாசம் ஒரு சொல்லுல இல்லை. இப்படித்தான் எழுதுவேன், மாட்டேன்னா விட்ருங்கன்னு நிக்கிறதுக்குத் தன் பேர் மேல ஒரு மரியாதை வேணும்.

போதும், ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். இன்னையில இருந்து நம்ம அணியோட நிகழ்ச்சியில, நம்ம பக்கத்துல, நீங்க வைக்கிற வாட்சப் நிலைத்தகவல்ல எந்தப் பாட்டைப் போட்டாலும் கீழ ஒரு வரி: 'பாடல்: இன்னார்'. தெரியலைன்னா தேடிப் போடுங்க, கிடைக்கலைன்னா இந்தப் பதிவுக்குக் கீழ வந்து கேளுங்க. நம்மள்ல யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும்.

அடுத்து நம்ம தம்பிகள் பறையோட பாட வர்றாங்க. தம்பி, ஒலிவாங்கியைப் பிடிச்சதும் முதல்ல எழுதினவர் பேர், அப்புறம் பாட்டு. சரியா?