அகழியும் கடற்பாலமும்

இன்றைய பயணம் சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கும் உட்லண்ட்ஸுக்கு.

உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவின் படகுத்துறையில் நின்றால் எதிரே ஜோகூர் பாருவின் அடுக்குமாடிகள் தெரியும். நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஜலசந்தி. இடப்பக்கம் கடற்பாலத்தில் லாரிகளும் பேருந்துகளும் மோட்டார்சைக்கிள்களும் நெருக்கியடித்து ஊர்ந்துகொண்டிருக்கும். 1942 பிப்ரவரியில் இந்த நீர்ப்பரப்புதான் பிரிட்டிஷ் கோட்டைக்கு அகழி.

அப்போது தீவு முழுவதையும் கோட்டை என்றே அழைத்தார்கள். செம்பவாங்கில் 1938இல் பெரிய கடற்படைத் தளம் திறந்தது. சாங்கியில் 15 அங்குலப் பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன. ஜப்பானியரோ மலாயாவின் வடக்கே இறங்கி, கிடைத்த சைக்கிள்களை மிதித்து, 55 நாளில் ஜோகூருக்கு வந்துவிட்டார்கள். பீரங்கிகள் வடக்கே திரும்பவே இல்லை என்பது ஊர்ப்பேச்சு. சில திரும்பின, சுடவும் செய்தன. ஆனால் இருந்தவற்றில் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைக்கும் குண்டுகள். காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரிய பயனில்லை.

ஜனவரி 31 காலை, ஸ்காட்லாந்துப் படையினர் பைப் வாத்தியம் முழங்கக் கடற்பாலத்தைக் கடந்தார்கள். பின்னாலேயே வெடி வைத்தார்கள். பாலத்தில் சுமார் 20 மீட்டர் பிளந்தது. ஜோகூரிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயும் அதோடு அறுந்தது.

பிப்ரவரி 8 இரவு தீவின் வடமேற்குக் கரையில் முதல் தரையிறக்கம். மறுநாள் இரவு, கிராஞ்சிக்கும் கடற்பாலத்துக்கும் இடையிலுள்ள சதுப்பில் ஜப்பானிய அரச காவல் படை இறங்கியது. ஆஸ்திரேலியர்கள் எண்ணெய்க் கிடங்கின் தொட்டிகளைத் திறந்துவிட, ஓடையில் பரவிய எண்ணெய் தீப்பிடித்தது. பலர் அதில் கருகினார்கள். தாக்குதலையே கைவிடலாமா என்று அந்தக் காவல் படையின் தளபதி யோசித்தார். அதற்குள் ஆஸ்திரேலியப் படைக்குப் பின்வாங்கும் உத்தரவு வந்துவிட்டது. பிளந்த பாலத்தை ஜப்பானியர் சில நாளிலேயே சரிசெய்தார்கள்.

பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு. ஜப்பானியத் தலைமைத் தளபதி யமாஷிதாவிடம் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. நகரில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. அன்று மாலை புக்கிட் தீமாவின் ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தார்.

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் போர் நினைவிடத்துக்கு நடந்தே போகலாம். மேட்டுச்சரிவில் 4,400க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. உச்சியில் விமான இறக்கை வடிவில் கூரை. அதைத் தாங்கும் சுவர்களில் கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களைத் தேட வேண்டியதில்லை, சுவர் சுவராக இருக்கின்றன. தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனி நினைவுச்சின்னமும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்திய வீரர்கள்.

உயிரோடு மிஞ்சிய இந்தியர்களைப் பற்றி அறிய லிட்டில் இந்தியா பக்கம் திரும்ப வேண்டும். ஃபேரர் பார்க் திடலில் பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷார் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்தியப் படை அதிகாரி மோகன் சிங்கின் அழைப்பை ஏற்றுப் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மறுத்தவர்களில் பலரை நியூ கினி வரை கூலி வேலைக்குக் கப்பலேற்றினார்கள்.