அடிமை என்னும் சொல்லும் மதுரைக் கடற்கரையும்



பல்கலைக்கழகத்திற்குள் நுழையவிருக்கும் மதுரை மாணவர்க்கு அடிமை வாணிகம் என்றவுடன் ஆப்பிரிக்கக் கரையும் அமெரிக்கப் பருத்தித் தோட்டமுமே நினைவுக்கு வருகின்றன. அட்லாண்டிக் கடல்வழியே ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்ட கொடுமையை அவர்கள் கற்கத்தான் வேண்டும். ஆயினும் பாடம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்தால், அது பிறர் கதையாகவே நின்றுவிடும். தூத்துக்குடியிலிருந்து தொடங்குதல் நன்று.

மதுரை நாயக்கரின் ஆட்சி அக்கடற்கரைவரை பரவியிருந்தது. 1658இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, எண்ணாயிரம் முதல் பதினாயிரம் பேர் விலைக்கு வாங்கப்பட்டு, பெரும்பாலும் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். 1673இல் மதுரைச் சீமையிலும் வானம் பொய்த்தது. தஞ்சையின் பொருட்டு மதுரையாரும் மராட்டியரும் பொருதனர். வரிச்சுமை குடிகளை நசுக்கியது. 1677 முடிய, மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர்.

வாங்கியவர் அயலார் என்று கூறி நாம் அமைதி கொள்ள இயலாது. ஆள் விற்கும் வழக்கம் இம்மண்ணில் முன்னரே இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள் கோயிலுக்கு விற்கப்பட்டோரைக் குறிக்கின்றன. பெரியபுராணத்தில் சுந்தரர்மேல் வழிவழி அடிமை என்று ஓலை காட்டப்படுகிறது. மனிதர் அடிமையாவது அங்கே எவருக்கும் வியப்பளிக்கவில்லை. அந்தணர் அடிமையாவதே வியப்பாகிறது. அந்த வியப்புக்கு வெளியே, வயல்களில் நின்றவர் யாவர் என்று மாணவர் வினவ வேண்டும்.

1833இல் பிரிட்டன் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கியது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே இங்கு ஆளுரிமை வழக்குகளுக்கு நீதிமன்றக் கதவை அடைத்தது. ஆனால் கடன் அடைக்கவில்லை கதவை. மதுரை, இராமநாதபுரம் சமவெளி மக்கள் கங்காணியின் முன்பணத்தால் கட்டுண்டு இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

கவிஞர் பெருமக்களே, ‘அடிமை’ நம் பக்தி இலக்கியத்தில் இனிக்கும் சொல். அதே சொல்லால் விலை பேசப்பட்டவர் 1,839 பேர் என்பதையும் மாணவர்க்குச் சேர்த்தே சொல்லுங்கள். அவ்வெண்ணில் ஒரு பெயர்கூட இல்லை.