பொறிமாந்தன் பேசிய மொழி



மாந்த வடிவில், முழு அளவில் ஆக்கப்பெற்ற முதற் பொறிமாந்தன் எம்மொழியில் பேசிற்று? ஆங்கிலத்தில் என்றே பலர்க்கும் விடை கூறத் தோன்றும். அன்று, அது சப்பானிய மொழியிற் பேசிற்று. தோக்கியோ நகரத்து வசேதாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல், பொறியியற் புலத்தில் 1973ஆம் ஆண்டு அது நிறைவுற்றது. வசேதா என்னும் பெயரையும் இரோபோ என்னும் சொல்லையும் இணைத்து அதற்கு வாபோத்து-1 எனப் பெயரிட்டனர்.

அது தனியொருவர் ஆக்கம் அன்று. செயற்கைக் கை கால்களை ஆய்ந்து வந்த பேராசிரியர் இச்சிரோ காத்தோ முன்னிற்க, அப்புலத்தின் நான்கு ஆய்வகங்கள் 1970இல் உயிர்ப்பொறியியற் குழுவாக ஒன்றிணைந்தன. காலின் மூட்டை அறிந்தவர்க்குப் பேச்சொலியின் நுட்பம் துறையன்று. பேச்சொலியை ஆய்ந்தவர்க்குக் காட்சிக் கருவி துறையன்று. ஆயினும் இவையனைத்தும் ஓருடலில் ஒருங்கே இயங்கல் வேண்டும். செவி பிழையாகக் கேட்பின் கால் பிழையாக நடக்கும். கண் தொலைவைத் தவறாக அளப்பின் கை வெற்றிடத்தைப் பற்றும். ஒருவர் குறை அனைவர் குறையாகும் இத்தகைய பணிக்குத் தத்தம் அறைக்கதவை அடைத்துக்கொண்டு ஆயும் புலமை உதவாது.

சொல்லப்பட்டதைச் செவியால் உணர்ந்து, வாயால் விடை கூறி, கண்ணாற் பொருளின் தொலைவும் திசையும் அளந்து, நடந்து சென்று, தொடுவுணர்வுடைய கையால் அதனை எடுத்துச் செல்ல அப்பொறியால் இயன்றது. ஓரடி எடுத்து வைக்க ஏறத்தாழ 45 நொடிகள் ஆயின! எடை முழுவதும் ஒரு காலின்மேல் நிலைபெற்ற பின்னரே மறுகாலை எடுக்கும் நடை அது. ஒன்றரை அகவைக் குழந்தையின் அறிவாற்றலே அதற்கு உண்டென ஆக்கியோரே மதிப்பிட்டனர். வெற்றுப் பெருமை பேசாத அவ்வடக்கம் போற்றத்தக்கது.

மொழியைப் பற்றியே ஈண்டு மிகுதியும் எண்ணல் வேண்டும். பொறிக்குச் செவி அமைப்பது ஒலிவாங்கியைப் பொருத்துவதன்று. ஒரு மொழியின் உயிரும் மெய்யும் எவ்வாறு ஒலிக்கின்றன, ஒன்றோடொன்று சேருங்கால் எவ்வாறு திரிகின்றன என அளந்தறிவதாகும். பிறமொழிக்கென அமைத்த செவி தமிழின் ழகரத்தையும் றகரத்தையும் உணராது. சப்பானியர் மொழிக்கும் அஃதே நிலை. ஆகலின் அவர்கள் தம் மொழியொலிகளைத் தாமே ஆய்ந்தனர். ஆங்கிலத்திற் பேச வைத்தால் உலகம் வியக்கும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நடையும் விரைந்தது. 1984இல் அவ்வாய்வகத்துக் கால்கள் ஓரடியை 1.3 நொடியில் வைத்தன. முன்னே 45, பின்னே 1.3! இடைப்பட்ட காலம் பதினோராண்டே.

1980இல் ஆய்வகங்கள் மீண்டும் ஒன்றுகூடி, 1984இல் வாபோத்து-2 என்னும் இசைப்பொறியை முடித்தன. பேச்சுப் பகுதியில் உழைத்த கத்சுகிகோ சிராய், 2002 முதல் 2010 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவே விளங்கினார். வாபோத்து-2 இசைக்குறிப்புத் தாளைக் கண்ணாற் படித்து, கைவிரல்களாலும் கால்களாலும் மின்னிசைப் பெட்டியை இயக்கிற்று. மாந்தர் பாடக் கேட்டு உடனிசைக்கவும் செய்தது. 1985இல் சுக்குபாவில் நிகழ்ந்த அனைத்துலகக் கண்காட்சியில் அதன் வழியில் ஆக்கப்பெற்ற இசைப்பொறியின் இசையை மக்கள் நேரிற் கேட்டனர்.