நடித்துப் பார்த்தால் நாடகம் புரியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் பிள்ளைகள் நாடகம் போட்டால் நாம் எல்லாரும் கைதட்டி மகிழ்கிறோம். ஆனால் ஒத்திகைக்கு ஒரு மாலை நேரம் கேட்டால், "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? நாடகம் ஆடினா சோறு போடுமா?" என்று கேட்கிறவர்களும் நம்மிடையே உண்டு. நான் அவர்களைக் குறை கூற மாட்டேன். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, மரம் வெட்டாவிட்டால் சம்பளம் குறையும் என்ற வாழ்க்கையைக் கண்டவர்கள் பிள்ளையின் நேரத்தைக் காசு போல எண்ணித்தான் செலவு செய்வார்கள். அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மாணவரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1954-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மனோகரா' படம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சிவாஜி கணேசன் சங்கிலியோடு நின்று பேசும் அந்தக் கட்டத்தை எத்தனை தோட்டத்துப் பையன்கள் பேசிப் பழகியிருப்பார்கள்! படத்தின் வசனம் கலைஞர் மு. கருணாநிதி எழுதியது. ஆனால் 'மனோகரா' அதற்கு வெகுகாலம் முன்பே மேடை நாடகமாகப் புகழ் பெற்றிருந்தது. அதை எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-இல் பிறந்து 1964 வரை வாழ்ந்த இவரைத் தமிழ் நாடகத் தந்தை என்று போற்றுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். மாணவப் பருவத்தில் இவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காதாம்! ஆங்கில நாடகங்களை விரும்பிப் படித்த இளைஞர், தெருவில் நடக்கும் கூத்தை மதிக்கவில்லை. இதை அவரே 'நாடக மேடை நினைவுகள்' என்ற தம் நூலில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மனம் மாறியது 1891-இல். அப்போது அவருக்கு வயது 18. பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் என்பவரின் 'சரச வினோதினி சபை' சென்னைக்கு வந்து தெலுங்கில் நாடகம் நடத்தியது. படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் மேடையேறி நடித்ததைக் கண்டார். தெலுங்கில் முடிவது தமிழில் ஏன் முடியாது என்ற எண்ணம் அவர் நெஞ்சில் விழுந்தது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'சுகுண விலாச சபை'யைத் தொடங்கிவிட்டார்.

மாணவர்களே, அவர் பார்த்து ரசித்ததோடு நிற்கவில்லை. தாமே எழுதினார், தாமே நடித்தார், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். உலகம் போற்றும் ஷேக்ஸ்பியர் நாடகங்களை எடுத்துத் தமிழாக்கினார். அதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். 'ஹாம்லெட்' என்ற இளவரசன் தமிழில் 'அமலாதித்யன்' ஆனான். 'மாக்பெத்' 'மகபதி' ஆனான். வெனிஸ் நகரத்து வணிகன் 'வாணீபுர வணிகன்' ஆனான். ஆங்கிலப் பெயரின் ஓசையும் போகவில்லை. கேட்கிறவருக்கு அந்நியமாகவும் படவில்லை. ஒரு பெயரை மாற்றுவதற்கே இவ்வளவு யோசனை வேண்டும் என்றால், ஒரு கதை முழுவதையும் நம் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் கொண்டுவர எவ்வளவு ஆழமாகப் படித்திருக்க வேண்டும்!

ஹாம்லெட்டின் கதை என்ன? தந்தையான அரசர் இறக்கிறார். சிற்றப்பன் அரியணை ஏறித் தாயையும் மணந்து கொள்கிறான். இது கொலை என்று தந்தையின் ஆவி வந்து சொல்கிறது. நம்புவதா, பழி வாங்குவதா, பொறுப்பதா என்று மகன் தவிக்கிறான். புத்தகத்தில் படிக்கும்போது, "இவன் ஏன் இவ்வளவு தயங்குகிறான்?" என்று சலிப்பாக இருக்கும். அதே பாத்திரமாக நின்று, எதிரே தாய் நிற்க, பேச வாயைத் திறந்து பாருங்கள். எந்த வார்த்தையைச் சொன்னாலும் அம்மாவின் மனம் நோகும் என்பது அப்போதுதான் தெரியும். தயக்கத்தின் காரணம் புரியும். பழைய நாடகங்கள் அப்படித்தான். 'இது உயர்ந்தது' என்று ஆசிரியர் நூறு முறை சொன்னாலும் ஏறாதது, ஒரு முறை வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்தால் ஏறிவிடும்.

"சரி, நாடகம் அவர் படிப்பைக் கெடுத்ததா?" என்று கேட்பீர்கள். இல்லை. அவர் வழக்கறிஞரானார், பின்னர் சென்னையில் நீதிபதியாகவும் பணியாற்றினார். எழுதிய நாடகங்களோ 80-க்கும் மேல். 1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 'கூத்தாடி' என்று ஏளனமாகப் பேசிய காலத்தில், படித்தவர்கள் மதிப்போடு மேடையேறும் நிலையை உண்டாக்கியவர்களில் அவர் முதன்மையானவர்.

"அவர் பட்டணத்துப் படிப்பாளி. நம்ம பிள்ளைங்களுக்கு ஷேக்ஸ்பியர் எங்கே, நாம எங்கே?" என்று நினைக்காதீர்கள். இலங்கையில் நடந்ததைக் கேளுங்கள். மட்டக்களப்புக் கிராமங்களில் அண்ணாவியார் என்ற ஆசான்கள் பரம்பரையாகக் கூத்துப் பழக்கி வந்தார்கள். விடிய விடிய ஆடும் கூத்து அது. 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்தக் கூத்தைத் தம் மாணவர்களுக்குப் பயிற்றுவித்தார். 1962-இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. அதன் பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று வரிசையாக வந்தன. விடிய விடிய ஆடியதைச் சுருக்கி அரங்குக்கு ஏற்றபடி அமைத்தார்கள். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. அவரே பின்னாளில் பேராசிரியராகி, மட்டக்களப்பு மரபு நாடகங்களை ஆராய்ந்து, புதிய தலைமுறைக்கும் கூத்துப் பழக்கினார். கிராமத்தார் காலில் சலங்கை கட்டி ஆடியது பல்கலைக்கழகத்தில் பாடமாயிற்று!

அப்படியானால் நம்மிடம் என்ன இருக்கிறது? தோட்டத் திருவிழாவில் மேடை போட்டு நம் முன்னோர் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' ஆடினார்களே, அவை சாதாரண நாடகங்கள் என்றா எண்ணுகிறீர்கள்? அவற்றை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த அவரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்றே உலகம் அழைக்கிறது. பகலெல்லாம் பால்வாளி தூக்கியவர்கள் இரவில் அர்ச்சுனனாகவும் முருகனாகவும் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூடப் பாட்டையும் வசனத்தையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். ஷேக்ஸ்பியரை மதிக்கும் நாம் அவர்களை மட்டும் மறக்கலாமா?

இன்று நிலைமை வேறு. ஜொகூரில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை; செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்பு. இளைஞர்கள் பாசிர் கூடாங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த நாடகங்களைக் கண்ணால் பார்த்த தாத்தா பாட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அவர்கள் போனால் அந்தப் பாட்டும் மெட்டும் அவர்களோடு போய்விடும். அச்சில் இருக்கும் வசனத்தைப் பிறகு தேடி எடுக்கலாம். பாட்டி பாடிய மெட்டை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன். ஒன்று, இந்த விடுமுறையில் உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ, "நீங்க பார்த்த நாடகம் என்ன? யார் என்ன வேஷம் கட்டினாங்க?" என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு, அதில் ஒரு காட்சியை உங்கள் சொந்த வார்த்தையில் பத்து வரி வசனமாக்குங்கள். மூன்று, வேடம் மாற்றி மாற்றி நடித்துப் பாருங்கள். இன்று வள்ளியானவள் நாளை வேடன் ஆகட்டும். பிறர் இடத்தில் நின்று பேசத் தெரிந்த பிள்ளைக்குப் பிறர் மனமும் தெரியும்.

பெற்றோர்களே, 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என எல்லாவற்றையும் வகுப்பிலேயே ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். இந்த நான்கையும் ஒரே மூச்சில் பழக்குவது நாடகம். வாரத்தில் ஒரு மாலையை மட்டும் அதற்குக் கொடுங்கள். சமைக்கும்போதே பிள்ளையின் வசனத்தைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டை, குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்படாமல் பாடிக் காட்டுங்கள். உங்கள் வீட்டில் உள்ள செல்வம் அது.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்றார்கள் பெரியோர். நாவும் பழகட்டும், நெஞ்சும் பழகட்டும். அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் நம் பிள்ளைகள் எழுதிய 'பவளக்கொடி' அரங்கேற வேண்டும். முன்வரிசை நாற்காலிகள் தாத்தா பாட்டிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.